ஃபேன் பெல்ட் டென்ஷன்: அளந்து பார்த்துச் சரியாக வைக்க முழுமையான வழிகாட்டி

ஃபேன் பெல்ட் எவ்வளவு டைட்டாக இருக்க வேண்டும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் கட்டை விரலால் பெல்ட்டை ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டி, "இவ்ளோ போனா போதும் சார்" என்பார். கை பழகியவர் விரலுக்கு அது சரியாகவே வரும். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நமக்குத்தான் சிக்கல். அந்த அமுக்கில் எத்தனை கிலோ இருந்தது, எந்த இரண்டு புல்லிகளுக்கு நடுவே அமுக்கினார், அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்ற மூன்றும் தெரியாமல் "அரை இன்ச்" என்பதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். ஒரு வண்டிக்குச் சரியான அரை இன்ச், இன்னொரு வண்டியில் படு லூஸாக இருக்கலாம்.

இங்கே சொல்லப்போவது ஆல்டர்னேட்டரை (எஞ்ஜின் சுழற்சியில் ஓடி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) நகர்த்தி கையால் டென்ஷன் வைக்கும் பெல்ட்டைப் பற்றி. அம்பாசடர், மாருதி 800, ஆம்னி, பெரும்பாலான டிராக்டர்கள், பழைய டீசல் வண்டிகள் எல்லாம் இந்த ரகம். ரேடியேட்டர் ஃபேன் கரன்ட்டில் ஓடும் கார்களிலும் இதை ஃபேன் பெல்ட் என்றே கூப்பிடுகிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். தானாக டென்ஷன் பிடிக்கும் புதிய கார்களைப் பற்றிக் கடைசியில் வரும். எஞ்ஜினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் முற்றிலும் வேறு வேலை. அதன் கவரைக் கழற்ற வேண்டிய அவசியமே இங்கே இல்லை, கழற்றவும் வேண்டாம்.

## டைட் என்றால் பத்திரம் என்ற நினைப்பு

இந்த வண்டிகளில் இருக்கும் வி பெல்ட், அதாவது கீழே குறுகிய ஆப்பு வடிவப் பெல்ட், புல்லிப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து ஓடுவதில்லை. பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆப்பாக இறுகித்தான் பிடிக்கிறது. எஞ்ஜின் நிற்கும்போது பெல்ட்டின் எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பில் இருக்கும். எஞ்ஜின் ஓட ஆரம்பித்ததும் கிராங்க் புல்லி (எஞ்ஜினின் சுழல்தண்டு முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் புல்லி) இழுக்கிற பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அதே அளவுக்குத் தளரும். தளர்கிற பக்கத்தில் பிடிப்பே இல்லாத நிலை வந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூட்டில் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகும், அதற்குப் பிறகு இன்னும் எளிதாக வழுக்கும்.

இந்த ஸ்லிப் வேகமாக ஓட்டும்போது வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் வருவது ஐட்லிங்கில், அதுவும் காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு. ஸ்டார்ட்டர் இழுத்த கரன்ட்டைத் திருப்பி நிரப்ப ஆல்டர்னேட்டர் அப்போது முழு மூச்சாகச் சார்ஜ் செய்யும். புல்லி மெதுவாகச் சுற்றும்போது அதே பவரைக் கடத்த பெல்ட் கூடுதலாக இழுத்தாக வேண்டும். அதனால்தான் அந்த முதல் சில விநாடிக் கீச்சல்.

சரி, அப்படியானால் நன்றாக இறுக்கிவிட்டால் தொல்லை இல்லையே? இங்கேதான் காசு போகிறது. பெல்ட் ஒரு புல்லியில் பாதி வட்டம் சுற்றியிருந்தால், பெல்ட்டின் டென்ஷனைப் போல இரண்டு மடங்கு சுமை அந்தப் புல்லியின் பேரிங் மேல் விழும். பெல்ட்டில் 60 கிலோ இழுப்பு என்றால் பேரிங்கில் 120 கிலோ, வண்டி ஓடும் நேரமெல்லாம். ஆல்டர்னேட்டரின் முன் பேரிங் இதில்தான் இரைச்சல் போட ஆரம்பிக்கும். வாட்டர் பம்ப்பில் பேரிங் ஆட்டம் கண்டால் சீல் தேயும், பம்ப்புக்குக் கீழே உள்ள சின்ன ஓட்டையிலிருந்து கூலன்ட் சொட்டும். லூஸ் பெல்ட் கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஓவர் டைட்டான பெல்ட் சத்தமே போடாது, சில மாதம் கழித்து பம்ப்பாகவோ ஆல்டர்னேட்டராகவோ பில் வரும். பெல்ட்டின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே சரியான டென்ஷன் என்பது, முழு லோடிலும் பெல்ட் வழுக்காமல் இருக்கப் போதுமான, ஆனால் இருப்பதிலேயே குறைந்த டென்ஷன். கீழே உள்ள எல்லா அளவுகளும் இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான்.

## முதலில், குறை டென்ஷனில்தானா?

சத்தம் கேட்டதும் ஸ்பேனரை எடுக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். பெல்ட் சத்தங்கள் இரண்டு வகை. நீளமாக "கீ...ச்" என்று இழுத்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலோ ஹெட்லைட், ஏசி போட்டாலோ கூடினால் அது வழுக்கல். குருவி மாதிரி "கிச் கிச் கிச்" என்று சுற்றுக்குச் சுற்று விட்டு விட்டுக் கேட்டால், அது பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் வருவது. இந்த இரண்டாவதை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது.

பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. எஞ்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, தள்ளி நின்று, ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் உள்பக்கம், அதாவது புல்லியைத் தொடும் பக்கம், கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் கூடினால் டென்ஷன் குறைவு. சத்தம் சட்டென்று அடங்கி, தண்ணீர் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டுப் பிரச்சினை. தண்ணீர் மட்டும்தான். டபிள்யூடி-40 மாதிரி எண்ணெய் கலந்த ஸ்ப்ரேக்களை அடித்தால் சத்தம் உடனே நிற்கும், பெல்ட் சீக்கிரமே ஊறிக் கெட்டுப் போகும். சோப்பு தேய்ப்பது, மெழுகுவர்த்தி தேய்ப்பது, கடையில் விற்கும் பெல்ட் பேஸ்ட் எல்லாம் இதே கதைதான். சத்தத்தை மறைத்துவிட்டு நோயை வளர்க்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். எஞ்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட்டும் ஹீட்டர் ப்ளோயரும் போட்டதும் கீச்சலோடு சேர்ந்து வோல்டேஜ் 13-க்குக் கீழே இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது. கீச்சலே இல்லாமல் இறங்கினால் ஆல்டர்னேட்டரையோ வயரிங்கையோ சந்தேகப்படுங்கள்.

## எடுத்து வைக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர்கள் (பெரும்பாலும் 12, 14, 17-ஆம் நம்பர்கள் போதும்), ஒரு டயர் லிவர் அல்லது கெட்டியான மரக்கைப்பிடி, இரண்டு அடி நீளத்துக்கு நேரான இரும்புப் பட்டையோ ஸ்கேலோ, மில்லிமீட்டர் போட்ட சின்ன ஸ்கேல், டார்ச்.

இவற்றோடு ஒரு கொக்கித் தராசு. வீட்டு வாசலில் பழைய பேப்பர் எடுக்க வருபவர் கையில் தொங்குமே, அதே ஸ்பிரிங் தராசு. விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு இருந்தாலும் போதும். பெல்ட் டென்ஷன் கேஜ் என்று தனியாக விற்கிறது, வாங்கினால் நல்லது. ஆனால் ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு இந்தத் தராசே போதும் என்பது என் கருத்து.

தராசும் இல்லையென்றால் விரலையாவது பழக்குங்கள். எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, கட்டை விரலால் அமுக்கி முள்ளைப் பாருங்கள். "நல்லா அமுக்கினேன்" என்று நினைக்கும்போது முள் பெரும்பாலும் 4, 5 கிலோவில்தான் நிற்கும். மேனுவல்கள் கேட்பது பொதுவாக 10 கிலோ. பாதி விசையில் அமுக்கிவிட்டு "டைட்டாத்தானே இருக்கு" என்று முடிவு கட்டுவது இப்படித்தான்.

## வேலைக்கு முன்

எஞ்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் புல்லி, பெல்ட், பிராக்கெட் எல்லாமே அளவு மாறியிருக்கும், அளவுகள் ஆறிய எஞ்ஜினுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயர் சாவி சுவிட்ச் வழியாகப் போகாமல் பேட்டரியோடு இணைந்திருப்பது, சாவி எடுத்த பிறகும் அதில் கரன்ட் இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் வெல்டிங் பொறி பறக்கும். சில கார்களில் எஞ்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், நெகட்டிவைக் கழற்றுவது அதையும் தடுக்கும். டிராக்டர்காரர்களுக்குத் தனியாக: ஓடும் எஞ்ஜின் பக்கத்தில் வேட்டி மடிப்பு, தோளில் துண்டு இரண்டும் வேண்டாம்.

## பெல்ட்டையும் புல்லியையும் பார்ப்பது

கெட்டுப்போன பெல்ட்டுக்கு டென்ஷன் வைப்பது வீண் வேலை. டார்ச் அடித்து முழுச் சுற்றும் பாருங்கள், பெல்ட்டைக் கொஞ்சம் முறுக்கி அதன் பக்கங்களையும் பாருங்கள். பளபளப்பு, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குவது, குறுக்கு வெடிப்பு, எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆனது, இவற்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்டிருந்தால் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் புது பெல்ட் போடாதீர்கள், அதுவும் அதே கதிக்குப் போகும்.

வி பெல்ட்டில் பலர் கவனிக்காத ஒன்று, அது பள்ளத்தில் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்பது. பெல்ட்டின் மேல்பக்கம் புல்லி விளிம்புக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் மேலாகவோ இருக்க வேண்டும். உள்ளே இறங்கியிருந்தால் ஒன்று பெல்ட் தேய்ந்துவிட்டது, அல்லது கடைக்காரர் அகலம் குறைந்த பெல்ட்டைக் கொடுத்துவிட்டார், அல்லது புல்லியே தேய்ந்துவிட்டது. புல்லிப் பள்ளத்தின் அடி, வெள்ளி மாதிரி மின்னினால் பெல்ட் அங்கே தொட்டு ஓடுகிறது என்று அர்த்தம். அடியில் தொட்டுவிட்டால் ஆப்புப் பிடிப்பு போய்விடும், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். "எத்தனை வாட்டி டைட் வச்சாலும் நிக்க மாட்டேங்குது" என்று கேள்விப்படும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து நேர்கோடு. இரும்புப் பட்டையை கிராங்க் புல்லியின் முகத்தோடு சேர்த்துப் பிடித்து, ஆல்டர்னேட்டர் புல்லி வரை நீட்டுங்கள். பட்டைக்கு இடமில்லாவிட்டால் கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போல ஒரு நைலான் நூலை இழுத்துப் பிடித்தாலும் தெரியும். இரண்டு புல்லிகளின் விளிம்புத் தடிமன் ஒரே அளவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் பள்ளத்தின் நடுவைக் கணக்கில் எடுங்கள். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் ஆல்டர்னேட்டர் புஷ் தேய்ந்திருக்கிறதா, பிராக்கெட் வளைந்திருக்கிறதா, போல்ட்டில் வாஷரை மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தக் குறை அடிக்கடி வரும்.

இதே மூச்சில் ஒவ்வொரு புல்லியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தால் பேரிங் வேலைதான் முதல் வேலை.

## தொய்வை அளப்பது

அளப்பதற்கு முன் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட் போட்டு எஞ்ஜினை அது ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று கையால் திருப்புங்கள். பெல்ட் பள்ளங்களில் சீராக உட்கார்ந்து, எல்லாப் பக்கமும் ஒரே இழுப்புக்கு வரும். இதைத் தவறவிட்டால் ஒரு பக்கம் 6 மில்லிமீட்டரும் மறுபக்கம் 10 மில்லிமீட்டரும் காட்டி உங்களைக் குழப்பும்.

மேனுவல் எந்த இரண்டு புல்லிகளுக்கு நடுவே அளக்கச் சொல்கிறதோ அங்கேதான் அளக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் இருப்பதிலேயே நீளமான இடைவெளியை எடுங்கள். இரும்புப் பட்டையை இரண்டு புல்லிகளின் மேலும் பெல்ட்டைத் தொட்டபடி வையுங்கள். அதுதான் உங்கள் பூஜ்ஜியக் கோடு. இடைவெளியின் சரியான நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அங்கே கொக்கித் தராசை மாட்டி, பெல்ட்டுக்குச் செங்குத்தாக 10 கிலோ வரை இழுங்கள். பட்டைக்கும் பெல்ட்டுக்கும் உள்ள விலகலைச் சின்ன ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். கொக்கி பெல்ட்டைக் கிழிக்காமல் இருக்க ஒரு துணிப் பட்டையைப் பெல்ட்டில் சுற்றி அதில் மாட்டலாம். இழுக்க இடமில்லாத எஞ்ஜினில் பழக்கிய கட்டை விரல்தான் கதி.

சிறிய கார்களில் பெரும்பாலும் இந்த அளவு 6 முதல் 10 மி.மீ.க்குள் இருக்கும், இடைவெளி நீளமான டிராக்டர்களில் 10 முதல் 15 மி.மீ. வரை. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் வேதம்.

ஏன் ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது? டென்ஷன் அதே அளவு இருந்தாலும் இடைவெளியின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். 300 மி.மீ. இடைவெளியில் 9 மி.மீ. தொய்வு காட்டும் பெல்ட், 150 மி.மீ. இடைவெளியில் ஏறக்குறைய பாதிதான் காட்டும். டிராக்டரில் பழகிய "அரை இன்ச்", அதாவது 12 மி.மீ.க்குச் சற்று மேல், சின்னக் காரின் குட்டை இடைவெளியில் வைத்தால் பெல்ட் தொங்கும். சின்னக் காரின் அளவை டிராக்டரில் வைத்தால் பேரிங் போகும்.

## டென்ஷன் வைப்பது

ஆல்டர்னேட்டரைப் பிடித்திருப்பது இரண்டு இடத்தில். கீழே அது ஆடித் திரும்புவதற்கான பிவட் போல்ட், மேலே நீள ஓட்டை போட்ட வளைந்த பட்டையில் ஒரு லாக் போல்ட். சில வண்டிகளில் இவை மேல் கீழாக மாறியிருக்கும்.

முதலில் பிவட் போல்ட்டை லூஸ் செய்யுங்கள். இதை விட்டுவிட்டு லாக் போல்ட்டை மட்டும் தளர்த்தி, இறுகிய பிவட்டோடு மல்லுக்கட்டி நெம்பினால் ஆல்டர்னேட்டரின் அலுமினியக் காது உடையும். பிவட் தளர்ந்த பிறகு லாக் போல்ட்டை, ஆல்டர்னேட்டர் கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு, ஆனால் விட்டால் விழாத அளவுக்கு லூஸ் செய்யுங்கள். அந்த லேசான பிடி இருந்தால்தான் ஒற்றைக் கையால் நெம்பி மறுகையால் முறுக்க முடியும்.

இப்போது லிவர். ஆல்டர்னேட்டரின் முன்பக்கக் கூடு, அதாவது புல்லியை ஒட்டிய கெட்டியான அலுமினியப் பாகம், அதில் மட்டுமே முட்டுக் கொடுக்க வேண்டும். நடுவில் இரும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும் இடத்திலோ பின்பக்க மூடியிலோ கொடுத்தால் உள்ளே சுருளோ டையோடோ அடிபடும். லிவரின் மறுமுனை எஞ்ஜின் பிளாக்கின் கெட்டியான இடத்தில் நிற்க வேண்டும். ரேடியேட்டர், ஆயில் சம்ப் தகடு, சென்சார், ஹோஸ் எதிலும் படக் கூடாது. மரக்கைப்பிடி வைத்துச் செய்தால் அலுமினியம் நசுங்காது.

நெம்பும்போது பலம் தேவையே இல்லை. ஆல்டர்னேட்டர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாலே தொய்வு வெகுவாகக் குறையும். நெம்பியபடியே லாக் போல்ட்டை முறுக்குங்கள், லிவரை எடுங்கள், எஞ்ஜினை இரண்டு சுற்று திருப்புங்கள், மறுபடி அளங்கள். முதல் தடவையே சரியாக வராது. பெரும்பாலும் லிவரை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கியிருக்கும். அளவு சரியாக வந்த பின்தான் பிவட் போல்ட்டை இறுக்க வேண்டும். அதை இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்துவிடுங்கள், பிவட்டை முறுக்கும்போது அளவு லேசாக நகர்வது உண்டு. லாக் போல்ட் அலுமினிய மரையில் ஏறும் வகையாக இருந்தால் ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்கும் வேலை வேண்டாம். மரை பிய்ந்தால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

நெம்பும் வேலையே இல்லாமல், அட்ஜஸ்டர் போல்ட் ஒன்று வைத்த வண்டிகளும் உண்டு. அவை இன்னும் சுலபம். பிவட்டையும் லாக்கையும் தளர்த்திவிட்டு அட்ஜஸ்டரைத் திருப்பினால் போதும். 8 மி.மீ. போல்ட்டின் சாதாரண மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். அரைச் சுற்று திருப்பு, அள, மறுபடி அரைச் சுற்று என்று போங்கள். வேண்டியதைவிட இறுகிவிட்டால், அட்ஜஸ்டரை நன்றாகத் தளர்த்திவிட்டுத் திரும்ப இறுக்கும் திசையில் அளவுக்கு வாருங்கள். தளர்த்தும் திசையில் நிறுத்தினால் மரையில் உள்ள இடைவெளி காரணமாகப் பின்னர் அது லூஸாகிவிடும்.

மேனுவல் கிடைக்காத பழைய வண்டி என்றால்? அந்த ஒரே விதியை வைத்து நீங்களே அளவைக் கண்டுபிடிக்கலாம். கொஞ்சம் லூஸாக வைத்து, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, எல்லா லைட்டும் போட்டு, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். கீச்சினால் நிறுத்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி பாருங்கள். கீச்சல் முற்றிலும் நின்ற இடத்துக்கு மேல் ஒரு துளி மட்டும் இறுக்கி, எஞ்ஜின் ஆறிய பின் தராசு வைத்து அளந்து, அந்த எண்ணை பானெட்டின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை எந்தக் கை செய்தாலும் அந்த எண்ணுக்குச் செய்யலாம்.

## புது பெல்ட் போட்டால்

புல்லி விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பி பெல்ட்டை ஏற்றாதீர்கள். பெல்ட்டின் பலம் முழுவதும் உள்ளே ஓடும் நூல்களில் இருக்கிறது, அந்த ஒரு நெம்பில் உள்ளே சில நூல் அறுந்தாலும் வெளியே தெரியாது. ஆல்டர்னேட்டரை எஞ்ஜின் பக்கம் முழுதாகத் தள்ளி, கையால் மாட்டுங்கள். கையால் ஏறவில்லை என்றால் பெல்ட் அளவு தவறு.

புது பெல்ட்டைப் பழைய பெல்ட்டைவிடச் சற்று டைட்டாக வைக்க வேண்டும். மேனுவல்களில் புதியதற்கும் ஓடியதற்கும் தனித்தனி எண் இருக்கும். ஐந்து நிமிடம் ஓடினாலே அது "ஓடிய பெல்ட்" கணக்கில் வந்துவிடும் என்று சில மேனுவல்கள் சொல்கின்றன. அந்த அளவுக்கு ஆரம்பத்திலேயே அது பள்ளத்தில் அமர்ந்து, இழுபட்டுத் தளர்கிறது. ஆகவே போட்டதும் ஐந்து, பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஆறிய பின் ஓடிய பெல்ட்டுக்கான எண்ணுக்குச் சரி பாருங்கள். பிறகு சுமார் 500 கிலோமீட்டரில் ஒரு முறை, டிராக்டரில் அடுத்த நாள் உழவுக்கு முன் ஒரு முறை. இந்த இரண்டாவது பார்வையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், புது பெல்ட் போட்டு ஒரு மாதத்தில் கீச்சல் வரக் காரணமும் இதுவே.

பெரிய வண்டிகளில் இரட்டை பெல்ட் இருந்தால் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் இறுக்கமானதே முழுச் சுமையையும் தூக்கும்.

## கோடு போட்ட பெல்ட்டும் ஆட்டோ டென்ஷனரும்

இன்றைய கார்களில் இருப்பது தட்டையாக, உள்பக்கம் நீள வரிகளோடு உள்ள பெல்ட். அதன் முதுகில் 6பிகே1200 என்று போட்டிருந்தால் ஆறு வரி, 1200 மி.மீ. நீளம். பழைய பெல்ட்டில் எழுத்து அழிந்திருந்தால் கடைக்குப் பெல்ட்டையே எடுத்துப் போவது நல்லது.

இப்போது வருபவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். பழைய ரப்பர் மாதிரி இவை எளிதில் வெடிப்பு விடுவதில்லை, டயர் தேய்வது போல வரிகளின் ஓரம் தேய்ந்து பள்ளம் அகலமாகும். "வெடிப்பே இல்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யக் கூடாது. இவற்றுக்கென்றே வரி ஆழம் பார்க்கும் பிளாஸ்டிக் கேஜ் வருகிறது.

ஸ்பிரிங் வைத்த ஆட்டோ டென்ஷனர் இருந்தால் நீங்கள் எதையும் செட் செய்ய வேண்டியதில்லை. டென்ஷனர் உடம்பில் இரண்டு குறிகள், நடுவே ஒரு முள்ளோ கோடோ இருந்தால், முள் குறிகளுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது அல்லது தவறான நீளம். ஐட்லிங்கில் டென்ஷனர் கை படபடவென்று அதிகமாக ஆடினால் அதன் ஸ்பிரிங்கோ உள்ளே உள்ள உராய்வுப் பட்டையோ போய்விட்டது. இதைக் கழற்றி ஸ்பிரிங் மாற்றும் வேலை வேண்டாம், முழுதாக மாற்றுவதே சரி. சில கார்களில் டென்ஷனரும் இருக்காது, அட்ஜஸ்டரும் இருக்காது. ரப்பர் பேண்ட் போலத் தானே இழுத்துப் பிடிக்கும் பெல்ட் அது. அதற்கென்று உள்ள டூல் இல்லாமல் கை வைக்காதீர்கள், லூஸானால் மாற்றுவதுதான் வழி.

வரி பெல்ட்டைக் கையால் டென்ஷன் வைக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் விரல் அமுக்கு அவ்வளவாக உதவாது, இடைவெளிகள் குட்டையாக இருக்கும். மேனுவலில் ஹெர்ட்ஸ் கணக்கில் எண் கொடுத்திருந்தால் கைபேசியே போதும். கிடார் ட்யூனர் மாதிரி அதிர்வெண் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, மைக்கைப் பெல்ட் பக்கத்தில் பிடித்து, எஞ்ஜின் நின்ற நிலையில் பெல்ட்டை விரலால் சுண்டுங்கள். எண் கிலோவில் இருந்தால் சின்னக் கணக்கு: டென்ஷன் = 4 × ஒரு மீட்டர் பெல்ட்டின் எடை × இடைவெளி × இடைவெளி × அதிர்வெண் × அதிர்வெண். எடை கிலோவில், இடைவெளி மீட்டரில் இருக்க வேண்டும். 1.2 மீட்டர் பெல்ட் 120 கிராம் எடை இருந்தால் மீட்டருக்கு 0.1 கிலோ. இடைவெளி 0.25 மீட்டர், அதிர்வெண் 130 ஹெர்ட்ஸ் என்றால் விடை சுமார் 422 நியூட்டன், அதாவது 43 கிலோ. இங்கே இடைவெளி என்பது பெல்ட் புல்லியை விட்டுப் பிரியும் இடத்திலிருந்து அடுத்த புல்லியைத் தொடும் இடம் வரை, புல்லி நடுவிலிருந்து அல்ல. அதைத் தவறாக அளந்தால் விடை எங்கேயோ போய்விடும்.

## வழியில் அறுந்தால்

சார்ஜ் விளக்கு எரிந்து, அதே நேரம் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தால் பெல்ட் போய்விட்டது, வாட்டர் பம்ப்பும் நின்றுவிட்டது. ஓரம் கட்டி உடனே எஞ்ஜினை நிறுத்துங்கள். "பக்கத்துல ஒர்க்‌ஷாப் வரைக்கும்" என்று ஓட்டினால் எஞ்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் (எஞ்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போகும். ஆல்டர்னேட்டரை மட்டும் ஓட்டும் பெல்ட் என்பது உறுதியாகத் தெரிந்தால், பகலில், ஏசியும் ஆடியோவும் அணைத்துவிட்டு, நல்ல பேட்டரியின் பலத்தில் கொஞ்ச தூரம் போகலாம். நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெல்ட்டை மாற்றும்போது, அது ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள். மடித்து நசுக்காமல், வட்டமாகச் சுருட்டி, டீசல் கேன் பக்கத்தில் இல்லாமல். அதோடு லாக் போல்ட்டுக்கும் பிவட்டுக்கும் பொருந்தும் இரண்டு ஸ்பேனர்களும் இருந்தால் சாலையோரத்தில் அரை மணி நேர வேலைதான்.